பட்டம் துப்புரவாளர், பரிசு பட்டினி

மீன் தொட்டியின் அடியில் பதுங்கி வாழும் கெளுத்திகள் மிச்சம் மீதியைத் தின்றே பிழைத்துக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. அந்த நம்பிக்கை மீன்களையும் கொல்கிறது, ஆறுகளையும் கெடுக்கிறது.

எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் காக்கநாடு, 2004-ல் இன்ஃபோபார்க் வந்த பிறகு அடுக்குமாடிகளின் ஊராகிவிட்டது. இத்தகைய வீடுகளில் நாய் வளர்க்க இடமும் நேரமும் கிடைப்பது சிரமம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. கப்பி, மோலி, டெட்ரா, ஏஞ்சல் என்று பல இனங்கள் ஒன்றாக நீந்தும் தொட்டிதான் பெரும்பாலோரின் தேர்வு. எல்லாம் வாங்கி முடித்த பிறகு கடைசியாக வருகிறது அந்த ஆலோசனை: இரண்டு 'டேங்க் கிளீனர்' போட்டுக்கொள்ளுங்கள், கீழே விழுவதை அவை பார்த்துக்கொள்ளும்.

கொச்சியில் மட்டுமல்ல, வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரிலும் அதே பெயர்தான். சிக்கல் என்னவென்றால், கீழே எதுவும் விழுவதில்லை.

வீடுகளில் போடப்படும் செதில் தீவனம் மிதக்கும் வகை. மேல்மட்டத்து மீன்கள் பாய்ந்து வந்து ஓரிரு நிமிடங்களில் அதைக் காலி செய்துவிடும். மருண்ட சுபாவமுள்ள கெளுத்தி அப்போது கல்லிடுக்கில் இருக்கும். வெளிச்சம் அடங்கி அது வெளியே வரும்போது மிஞ்சியிருப்பது மற்ற மீன்களின் கழிவு மட்டுமே. கழிவைத் தின்று எந்தக் கெளுத்தியும் உயிர் வாழ முடியாது. வாரக்கணக்கில் மெலிந்து, ஒரு நாள் காலையில் கவிழ்ந்து கிடக்கும். உடையவர் நோய் என்று நினைத்துக்கொள்வார்.

இந்தத் தொட்டிகளில் அதிகம் காணப்படும் அடிமட்டவாசி கோரிடோராஸ். தென் அமெரிக்க ஓடைகளைச் சேர்ந்தது. விரல் நீளம்கூட வளராத இந்த மீன், உதிர்ந்த இலைகளும் மணலும் நிறைந்த ஓடைப் படுகையை மீசையால் துழாவி புழு பூச்சிகளைத் தேடித் தின்னும். கண்ணைவிட மீசையையே அதிகம் நம்பும் இனம் இது. கெளுத்திகளுக்கு மீசையில் மட்டுமின்றி உடம்பிலும் சுவை மொட்டுகள் உண்டு. அதனால் இருட்டில் சாப்பிட அவற்றுக்குச் சிரமமே இல்லை. சிரமமெல்லாம் வெளிச்சத்தில், வேகமான மீன்களோடு போட்டி போடுவதில்தான்.

தீர்வு சுலபமானது. முதலில் தொட்டியின் ஒரு மூலையில் மேல்மட்டத்து மீன்களுக்கு வழக்கமான தீவனத்தைக் கொடுத்து அவற்றின் பசியை அடக்க வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து, மூழ்கும் வகை உருண்டையையோ வில்லையையோ மறைவிடங்களுக்கு அருகே இரண்டு மூன்று இடங்களில் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் துணிச்சலான மீன் மட்டுமே தின்னும். உறைய வைத்த ரத்தப் புழு கொடுப்பதென்றால், ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தரை வரை இறக்கி அதன் வழியே விட்டால் நடுவழியில் பறிபோகாது. பாசி தின்னும் இனங்களுக்கு லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டு போதும். காலையில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். அழுகும் தீவனம் அமோனியாவாக மாறும். அசுத்தமான தரையில் கோரிடோராஸின் மீசையே கரைந்துபோகும். மீசை போனால் உணவு தேடும் கருவியே போய்விட்டதாக அர்த்தம்.

கூச்சத்துக்கும் மருந்து உண்டு. கோரிடோராஸ் கூட்டமாக வாழும் மீன். ஒன்றோ இரண்டோ இருந்தால் பதுங்கும். ஆறு இருந்தால் பகலிலேயே உலாவத் தொடங்கும். கூர்மையான சரளைக்குப் பதில் மென்மணலும், ஒளிந்துகொள்ளக் கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சியும் இருந்தால் இன்னும் தைரியம் வரும். ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் வெளியே வருகிறது. அவ்வப்போது அது விர்ரென்று மேலே சென்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்புவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. குடலால் காற்றைச் சுவாசிக்கக் கூடிய மீன் அது. ஓயாமல் அப்படிச் செய்தால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்று அர்த்தம்.

எல்லாக் கெளுத்தியும் சாதுவல்ல. பெரியாறு, சாலக்குடி ஆறுகளில் வாழும் கேரளத்தின் சொந்த மீனான மஞ்சக்கூரி, வண்ண மீன் சந்தையிலும் விலை போகிறது. பகலில் மறைந்திருக்கும் இந்த அழகன், விளக்கு அணைந்ததும் சின்ன மீன்களை வேட்டையாடுவான். அழியும் அபாயத்துக்கு உள்ளாகக் கூடியவை என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்ட இனங்களில் இதுவும் ஒன்று.

பெரிய விபரீதம் 'சக்கர்' மீனால் வருகிறது. குஞ்சாக இருக்கும்போது கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும். வளர்ந்தாலோ 40 சென்டிமீட்டரைத் தாண்டும். மூன்றடித் தொட்டியில் அதற்குத் திரும்பக்கூட இடம் இருக்காது. மனமிரங்கிய குடும்பம் அதைக் கால்வாயில் விட்டுவிடுகிறது. புண்ணியம் செய்த திருப்தி அவர்களுக்கு, தொல்லை ஆற்றுக்கு. கவசம் போன்ற செதில்கள் இருப்பதால் அதைப் பிடித்துத் தின்ன இங்கே ஆளில்லை. சாக்கடை நீரிலும் பிழைக்கும், கரையைக் குடைந்து வளை அமைக்கும், முள்ளால் மீனவரின் வலையைக் கிழிக்கும். திருவனந்தபுரம் கால்வாய்களிலிருந்து கிழக்கு கொல்கத்தா ஈரநிலங்கள் வரை இது பரவியிருக்கிறது. கேரளத்தில் வளர்ப்பு மீன்கள் தொல்லை மீன்களாக மாறுவதை 2009-லேயே 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு எச்சரித்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு, அமேசானின் அரபைமா உட்பட வெளிநாட்டு மீன்கள் கேரள ஆறுகளில் வலையில் சிக்கின. காக்கநாட்டை ஒட்டி ஓடும் கடம்பிரையாறும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல.

வளர்க்க முடியாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், வேறொரு ஆர்வலரிடம் சேர்க்கலாம். வாங்கும் முன்பே அது எவ்வளவு வளரும் என்று கேட்பது இன்னும் நல்லது. தொட்டி சுத்தமாக இருக்க வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றி, ஒரு ரப்பர் குழாயால் அடிக்கசடை உறிஞ்சி எடுத்தால் போதும். அந்த வேலைக்கு ஆள் தேடி அமேசான் வரை போக வேண்டியதில்லை.