கார் பழுதறி இணைப்பியின் உருகி

பழுதறி இணைப்பி என்பது, காரின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியோடு வெளிக்கருவி ஒன்றைத் தொடர்புகொள்ள வைக்கும் 16 முனைத் துளைப்பெட்டி ஆகும். பட்டறைகளில் இதை ஓ.பி.டி. போர்ட் என்றும், இதில் செருகும் கருவியை ஸ்கேனர் என்றும் அழைப்பர். இணைப்பிக்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரம் ஓர் உருகி (ஃபியூஸ்) வழியாக வருகிறது. அந்த உருகி போய்விட்டால் ஸ்கேனரில் விளக்கே எரியாது. கார் வழக்கம்போல் ஓடும், ஆனால் அதன் பழுதுக் குறியீடுகளைப் படிக்க வழியிருக்காது. "கணினி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற தவறான முடிவுக்குப் பலர் வந்துசேர்வது இந்த இடத்தில்தான். கணினியின் விலை பல ஆயிரம் ரூபாய். உருகியின் விலை சில ரூபாய்.

திருப்பூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இதை விளக்க நிட்டிங் எந்திரமே போதும். வட்டப் பின்னல் எந்திரத்தில் ஒரு நூல் அறுந்தால் எந்திரம் தானாக நின்று, அறுந்த இடத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். அந்த விளக்கின் பல்பு போயிருந்தால் அறுந்த நூலைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும், அவ்வளவே. எந்திரமே கெட்டுவிட்டது என்று எந்த ஆபரேட்டரும் சொல்லமாட்டார். பழுதறி இணைப்பியின் உருகியும் அந்தப் பல்பைப் போன்றதுதான்.

இந்தியாவில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட நல்லூர் போன்ற பகுதிகளில், ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு அலையும் சிறு முதலாளி செகண்ட்ஹேண்டில் வாங்குவது பெரும்பாலும் இத்தகைய வயதான காரைத்தான். வாங்குமுன் ஸ்கேனர் போட்டுப் பார்க்க நினைப்பவர், இணைப்பி செத்துக் கிடந்தால் அதற்கான காரணத்தை அறிந்த பிறகே விலை பேசுவது நல்லது.

பின்னணி

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி-2 என்ற பொது முறை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ்-4 விதிகளோடு ஏப்ரல் 2010-இல் முதல் கட்டமும், ஏப்ரல் 2013-இல் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் 2010-இல் அவ்விதிகள் 13 நகரங்களுக்கு மட்டுமே பொருந்தின. சென்னை அந்தப் பட்டியலில் இருந்தது, திருப்பூர் இல்லை. ஏப்ரல் 2017-இல்தான் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ்-4 கட்டாயமானது. எனவே பழைய காரில் எத்தகைய இணைப்பி இருக்கும் என்பதைத் தயாரிப்பு ஆண்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. குனிந்து பார்த்துவிடுவதே சரி. ஸ்டீயரிங்கின் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம், மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் குறுகியும் இரண்டு வரிசைத் துளைகளோடு இருப்பது பொது வகை இணைப்பி. வேறு வடிவில் இருந்தால் அது அந்த நிறுவனத்தின் தனி வகை.

எந்த உருகி?

உருகிப் பெட்டி பொதுவாக இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று டேஷ்போர்டின் கீழ், மற்றொன்று பானெட்டுக்குள் பேட்டரிக்கு அருகில். மூடியின் உட்புறம் எந்த உருகி எதற்கு என்ற படம் ஒட்டப்பட்டிருக்கும். பழைய கார்களில் மூடியே காணாமல் போயிருப்பதும் உண்டு. அப்போது உரிமையாளர் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

படம் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. "ஓ.பி.டி." அல்லது "டி.எல்.சி." என்ற பெயரில் உருகி இருந்தால் வேலை சுலபம். பல கார்களில் அப்படி ஒரு பெயரே இருக்காது. இணைப்பிக்கான மின்சாரம் வேறொரு சுற்றின் உருகியிலிருந்து பங்கிட்டு எடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் அடிக்கடி காணப்படுவது சிகரெட் லைட்டர் துளையின் உருகி. உள்விளக்கு, ரேடியோ, கடிகாரம் ஆகியவற்றின் உருகியோடு சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே ஸ்கேனர் உயிர்பெறாதபோது முதலில் லைட்டர் துளையில் மொபைல் சார்ஜரைச் செருகிப் பார்க்கலாம். உள்விளக்கையும் போட்டுப் பார்க்கலாம். இவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் தேட வேண்டிய உருகி ஏறக்குறைய கிடைத்துவிட்டது.

இன்னொரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கும் காரில் கணினி இயங்காமல் எஞ்சின் ஓடாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிச் சீராக ஓடுகிறது, ஸ்கேனரில் மட்டும் விளக்கில்லை என்றால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேறோர் உருகி வழியாகப் போகிறது. எஞ்சின் விளக்கு டேஷ்போர்டில் எரிந்துகொண்டே இருக்க, இணைப்பி செத்துக் கிடப்பதும் இதனால்தான்.

காலியாக இருக்கும் இடமெல்லாம் உருகி தொலைந்த இடம் என்றும் நினைக்கக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் விற்ற, சுசூக்கி வடிவமைப்பிலான ஜியோ மெட்ரோ காரில் உருகிப் பெட்டியிலேயே பழுதறிவதற்கென்று ஒரு காலி இடம் இருந்தது. அங்கே உதிரி உருகியைச் செருகினால் எஞ்சின் விளக்கு மின்னி மின்னிப் பழுதுக் குறியீட்டைச் சொல்லும். எப்போதும் உருகி இருக்க வேண்டிய இடமல்ல அது.

சோதிக்கும் முறை

தட்டை வகை உருகியின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். உருகியைப் பிடுங்காமலே அவற்றில் மின்னழுத்தத்தை அளக்கலாம். மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத உலோகத் திருகு ஒன்றில் வைக்க வேண்டும். சிவப்பு முனையால் இரண்டு புள்ளிகளையும் தனித்தனியே தொட வேண்டும். இரண்டிலும் 12 வோல்ட் அளவுக்குக் காட்டினால் உருகி நலம். ஒன்றில் மட்டும் காட்டினால் உருகி போய்விட்டது. இரண்டிலுமே இல்லையென்றால் அந்தச் சுற்றுக்கு மின்சாரமே வரவில்லை. சாவியை ஆன் செய்து மறுபடி பார்த்து, அப்போதும் இல்லையென்றால் பானெட்டுக்குள் இருக்கும் முதன்மை உருகியைப் பார்க்க வேண்டும்.

மீட்டரின் சிவப்புக் கம்பி ஆம்பியர் துளையில் செருகியிருக்கக் கூடாது. அந்த நிலையில் மீட்டரே ஒரு வெறும் கம்பிபோல் ஆகிக் குறுக்குச் சுற்றை உண்டாக்கிவிடும். நல்ல உருகியும் போய்விடும்.

அடுத்து இணைப்பி. அகன்ற பக்கம் மேலே இருக்குமாறு நேர்நின்று பார்த்தால் மேல்வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ்வரிசை 9 முதல் 16. கீழே வலக்கோடியில் இருக்கும் 16-ஆம் முனை பேட்டரியின் நேர்முனை. சாவி இல்லாதபோதும் அதில் மின்சாரம் இருக்கும். மேல்வரிசையின் 4-ஆம் முனை பாடி எர்த்து, 5-ஆம் முனை சமிக்ஞைக்கான எர்த்து. 16-க்கும் 4-க்கும் இடையே ஏறத்தாழ 12.5 வோல்ட் இருந்தால் உருகியும் கம்பியும் சரி. 16-க்கும் திருகுக்கும் இடையே மின்னழுத்தம் இருந்து, 16-க்கும் 4-க்கும் இடையே இல்லாவிட்டால் குறை எர்த்துக் கம்பியில். தடித்த முனையைத் துளைக்குள் திணித்தால் உள்ளே இருக்கும் தகடு விரிந்துபோகும். பிறகு ஸ்கேனர் ஆட்டினால்தான் எரியும். மற்ற முனைகள் தகவல் செல்லும் பாதைகள் என்பதால் டெஸ்ட் லாம்ப்பால் அவற்றைத் தொடக் கூடாது.

மாற்றுதல்

சாவியை எடுத்துவிட்டு, பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் இடுக்கியால் உருகியைப் பிடுங்கலாம். நிறமே அளவைச் சொல்லும். 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போனது எந்த அளவோ அதே அளவுதான் போட வேண்டும். 10 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கிறது என்று 30 ஆம்பியர் போடுவதும், வீட்டு ஃபியூஸ் கட்டையில் செய்வதுபோல் செம்புக் கம்பியைச் சுற்றுவதும் ஆபத்தானவை. மெல்லிய கம்பி 10 ஆம்பியருக்கென்று போடப்பட்டது. உருகி உருகாவிட்டால் சூடாவது அந்தக் கம்பிதான், அதுவும் டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குள். காற்றுப்பைக்கான உருகியில் மட்டும் கைவைக்காமல் இருப்பது நல்லது. அதன் கம்பிகளும் இணைப்பிகளும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

புது உருகி உடனே போனால் எங்கோ குறுக்குச் சுற்று இருக்கிறது. லைட்டர் துளைக்குள் விழுந்த நாணயம், உடைந்து தங்கிய சார்ஜர் முனை, பின்னர் பொருத்திய ஸ்டீரியோவின் டேப் சுற்றிய ஒட்டுகள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சில மாதம் கழித்துப் போனால் டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்ப் காரணமாயிருக்கலாம். 12 வோல்ட்டில் 120 வாட் எடுக்கும் பம்ப் 10 ஆம்பியரை இழுக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

விளக்கு எரிந்தும் இணையாத ஸ்கேனர்

ஸ்கேனரில் விளக்கு எரிகிறது, ஆனால் காரோடு இணையவில்லை என்றால் குறை பெரும்பாலும் இந்த உருகியில் இல்லை. சில பழைய கார்களில் 16 முனை இணைப்பியே இருந்தாலும் உள்ளே தகவல் செல்வது நிறுவனத்தின் தனி முறையில். மலிவான புளூடூத் அடாப்டருக்கு அது புரியாது. அந்த நிறுவனத்தின் முறையை அறிந்த ஸ்கேனர் வேண்டும். சாவியை ஆன் நிலையில் வைக்காததும் எளிய காரணமாக இருக்கலாம்.

16-ஆம் முனையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், செருகியபடியே விட்ட அடாப்டர் இரவும் பகலும் பேட்டரியை உறிஞ்சும். 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சிறு கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் ஏறத்தாழ பாதி காலியாகிவிடும். ஊருக்குப் போகும்போது காரை நிறுத்திவைப்பதானால் அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும்.