தோளுக்கு மிஞ்சினால்...

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பல வருடமாகும். அப்பாவுக்கு அகான்ட்ரோபிளேசியா இருந்து, பிள்ளைக்கு அது இல்லையென்றால், ஒன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் பிள்ளை அவர் தோளை எட்டிவிடும். நான்காம் வகுப்பில் அவர் உயரத்துக்கே வந்து நிற்கும். குள்ளத்தன்மைக்கு முதன்மைக் காரணமான இந்த எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டில் ஆண்களின் சராசரி உயரம் சுமார் 131 செ.மீ.; பெண்களுக்கு 124.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில், கர்ப்பிணித் தாய்க்கு விஷம் கொடுத்ததால் அப்பு குள்ளமாகப் பிறப்பான். கதைக்குச் சரி. ஆனால் ஊரிலும் பழி தாய் மேல்தான் விழுகிறது: கிரகணத்தில் வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள். உண்மையில் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் காரணம், 1994-இல் கண்டுபிடித்தார்கள். எலும்பு நீள்வதற்கு பிரேக் போடும் மரபணு அது. எழுத்து மாறியதும் பிரேக் அழுந்தியபடியே நின்றுவிடுகிறது. இப்படிப் பிறப்பவர்களில் ஐந்தில் நால்வரின் பெற்றோர் சராசரி உயரக்காரர்கள். அவர்களிடம் இந்த மாற்றம் புதிதாகத் தோன்றும் இடம் அநேகமாக எப்போதும் தந்தையின் விந்தணு. அவருக்கு வயது ஏற ஏற வாய்ப்பும் கூடும்.

கல்யாணப் பேச்சில் 'ஜோடிப் பொருத்தம்' பார்க்கும் உறவினர்கள், குள்ளமானவருக்குக் குள்ளமானவரையே தேடுவார்கள். போட்டோவில் பொருத்தமாகத்தான் இருக்கும். மரபணுவின் கணக்கு வேறு. ஒருவருக்கு மட்டும் இருந்தால், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெறும். அந்தக் குழந்தையின் விலாக்கூடு மிகச் சிறுத்திருக்கும். பெரும்பாலும் மூச்சுத் திணறிச் சில மாதங்களுக்குள் இறந்துவிடும். கல்யாணமே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஜாதகத்தோடு மரபியல் ஆலோசகரையும் பார்த்தால், கருவிலேயே சோதித்து அறியலாம்.

இந்தக் குறைபாடுள்ள பெண்களுக்குப் பிரசவம் சிசேரியன்தான், இடுப்பெலும்பு குறுகல். தண்டுவடக் கால்வாயும் குறுகியிருப்பதால் முதுகில் போடும் மயக்க ஊசி சிக்கலானது. பல சமயம் முழு மயக்கம் கொடுக்க நேரும்.

2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற வோசோரிடைடு ஊசி அந்த பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறது. ஆனால் எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடுவதற்குள் போட வேண்டும். பெரியவர்களுக்கு அதனால் பயனில்லை.

அவர்களுடைய தொல்லை வேறு. நாற்பதை நெருங்கும்போது, பலருக்குக் குறுகிய தண்டுவடக் கால்வாய்க்குள் நரம்பு நசுங்கத் தொடங்கும். நூறடி நடந்தால் கால் மரத்துப்போகும். குந்தி உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ நரம்புக்கு இடம் கிடைத்து, வலி விலகும். கடைத்தெருவில் பாதி வழியில் அப்பா குந்தும்போது, பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பது அந்த நான்காம் வகுப்புப் பிள்ளைதான்.