45 வயதுக்கு மேல் வரும் அசதி

"உடம்பே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று ஒரு பெண் சொன்னால், "வயசாகுதுல்ல" என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் பதில். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் அசதி வருவது உண்மைதான். அதற்காக எல்லா அசதியையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுவது ஆபத்து.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகப் பொருள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். அதனால் நடுராத்திரியில் உடம்பு கொதித்து, ஜாக்கெட் நனைய வேர்த்துக் கொட்டும். எழுந்து ஃபேனைக் கூட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை அரைத் தூக்கம்தான். மறுநாள் அசதிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் இதே வயதில் உதிரப்போக்கும் அதிகமாகலாம். கட்டி கட்டியாகப் போகிறது, ஓரிரு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், "நிக்கப் போற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது; அது ரத்தசோகையில் கொண்டுபோய் விடலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். அதனாலும் கைகால் ஓய்ந்துபோகும்.

என்ன மாதிரி அசதி என்று கவனியுங்கள். உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கினால் தூக்கம் போதவில்லை. கூடவே பலத்த குறட்டையும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். எடை கூடி, மலச்சிக்கல் வந்து, குளிர் தாங்காமல் போனால் தைராய்டைச் சந்தேகிக்கலாம். பிடித்த சீரியலில்கூட மனம் ஒட்டாமல், காரணமின்றி அழுகை வந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு.

அயர்ச்சியை அளக்க 1989-இல் வந்த ஒரு வினாத்தாளை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஒரு வாரத்தைப் பற்றிய 9 வாக்கியங்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 36-ஐத் தொட்டால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. நீங்கள் வீட்டிலேயே இரண்டு வாரம் ஒரு நோட்டில் தூக்கம், வேர்வை, உதிரப்போக்கு, எந்த வேலையில் களைத்தீர்கள் என்பதை எழுதி வந்தால் போதும். மருத்துவருக்கு அது பெரிய உதவி. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12 பரிசோதனைகள் வேண்டுமா என்று கேளுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் தாமதம் கூடாது. வழக்கமில்லாத களைப்போடு மூச்சுத்திணறல், குளிர்ந்த வேர்வை, தாடையிலோ முதுகிலோ வலி சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அந்த வாரமே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள்.