கொலைக்கு அதிகம் ஆளாவது யார்? ஆண்களா, பெண்களா?

கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடித்து வந்து இறங்குகிறீர்கள். கைத்தொலைபேசி அடிக்கிறது. “எங்கம்மா இருக்க? புளோக் கீழ வந்துட்டியா?” அம்மாதான். அதே நேரத்தில் வீடு திரும்பும் அண்ணனுக்கு அந்த அழைப்பு வருவது அபூர்வம். ‘ஆம்பளப் பிள்ளை, பாத்துப்பான்!’

உலகப் புள்ளிவிவரம் வேறு மாதிரி சொல்கிறது.

போதைப்பொருள், குற்றங்களுக்கான ஐக்கிய நாட்டு அலுவலகத்தின் மதிப்பீட்டின்படி, 2021இல் உலகம் முழுவதும் சுமார் 458,000 பேர் கொலை செய்யப்பட்டனர். மணிக்குச் சராசரியாக 52 பேர். அவர்களில் 81 விழுக்காட்டினர் ஆண்கள்.

அப்போ அம்மா தப்பான பிள்ளையை நினைத்துக் கவலைப்படுகிறாரா? கொஞ்சம் பொறுங்க.

ஆண்களுக்கு ஆபத்து எல்லா வயதிலும் ஒரே மாதிரி இல்லை. உலக அளவில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அது ஆக அதிகம். அமெரிக்கக் கண்டத்தில் 18, 19 வயது இளையர்களின் நிலை மிக மோசம். அந்த வயது ஆண்கள் 100,000 பேரில் ஆண்டுக்குச் சுமார் 46 பேர் கொல்லப்படுவதாக அந்த அலுவலகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. உலகச் சராசரி 6 பேர்தான். துப்பாக்கி, போதைப்பொருள் விற்பனை, குண்டர் கும்பல் மோதல் ஆகியவை அங்கே ஒன்றுசேர்கின்றன. கொலைச் சந்தேக நபர்களிலும் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஆண்களே.

பெண்கள் விஷயத்தில் ‘எத்தனை பேர்’ என்பதைவிட ‘யாரால்’ என்பதே முக்கியமான கேள்வி.

2023இல் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் கொல்லப்பட்டனர். அவர்களில் 51,100 பேரைக் கொன்றது கணவர், காதலர் அல்லது குடும்பத்தில் ஒருவர். அதாவது 60 விழுக்காடு. 10 நிமிடத்துக்கு ஒருவர். ஆண்களில் அப்படி நெருங்கியவர்களால் கொல்லப்படுவோர் சுமார் 12 விழுக்காடுதான்.

அம்மாவின் பயத்தில் தவறில்லை. ஆனால் அது தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெண்களைப் பொறுத்தவரை ஆபத்து பெரும்பாலும் கதவுக்கு உள்ளே இருக்கிறது.

“அப்படின்னா ஏன் விட்டுட்டுப் போகல?” என்று சிலர் சட்டெனக் கேட்பார்கள். கேட்பது சுலபம். உறவை முறித்துக்கொள்ளும் நேரமும் அதை ஒட்டிய மாதங்களும்தான் ஆபத்து அதிகமுள்ள காலம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. அவளைத் தன் பிடியில் வைத்திருந்தவருக்கு அந்தப் பிடி நழுவும் நேரம் அது.

பச்சிளங்குழந்தைகளையும் மறந்துவிடக்கூடாது. இங்கிலாந்து, வேல்ஸில் பெரும்பாலான ஆண்டுகளில், மக்கள்தொகை விகிதப்படி ஆக அதிகமாகக் கொலைக்கு ஆளாவது ஒரு வயதுக்குட்பட்டோர். சந்தேகம் பெரும்பாலும் பெற்றோர் மீதே விழுகிறது. வயதின் இன்னொரு முனையில் ஜப்பான். முதிய பெற்றோரையோ துணையையோ பல ஆண்டு பராமரித்துக் களைத்துப்போனவர்கள் அவர்களையே கொன்றுவிடும் சம்பவங்களுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு: ‘கைகோ சட்சுஜின்’, அதாவது பராமரிப்புக் கொலை.

பாதுகாப்பான நாட்டில் இருக்கிறோமே, நமக்கென்ன?

கொலை மிகக் குறைவாக நடக்கும் நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. ஆனால் தெருச் சண்டையும் கும்பல் மோதலும் குறையும்போது, மிச்சமிருக்கும் கொலைகளில் வீட்டுக்குள் நடப்பவற்றின் பங்கு கூடுகிறது. ஜப்பானில் கொலையுண்டோரில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். தெரு பாதுகாப்பாக இருப்பதால் வீடும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இது உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ தேவைப்படலாம்: சிங்கப்பூரில் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டத் திருத்தங்கள் 2025 ஜனவரி 2ஆம் தேதி நடப்புக்கு வந்தன. தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு இப்போது 18 வயதிலேயே நீங்களே விண்ணப்பிக்கலாம். முன்பு 21 வயதாகும்வரை காத்திருக்க வேண்டும். அடிப்பது மட்டும் வன்முறை அல்ல, தொடர்ந்து மிரட்டிக் கட்டுப்படுத்துவதும் வன்முறைதான். திருமணமாகாத காதலரிடமிருந்து தொல்லை என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடலாம்.

வன்முறைக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-777-0000. 24 மணி நேரமும் அழைக்கலாம். பக்கத்து வீட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றினாலும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 999.