நித்தியகல்யாணி தந்த புற்றுநோய் மருந்து

நித்தியகல்யாணிச் செடியை அறியாத தமிழர் இருக்க முடியாது. வீட்டு முற்றத்திலும், சுடுகாட்டு ஓரத்திலும் வளரும். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வருடம் முழுவதும் பூக்கும். மராட்டியர்கள் இதை 'சதாபுலி' என்பார்கள். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு.

இந்தச் செடியில் இருந்துதான் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள்.

எலிகள் செத்தன

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஜமைக்காவில் நீரிழிவு நோய்க்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது வழக்கம். 1952-ம் ஆண்டு அந்த இலைகள் ஓர் உறையில் கனடாவுக்கு வந்தன. டாக்டர் ராபர்ட் நோபிள் அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் செத்தன.

ஏன்? ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, நோய்க்கிருமிகள் தாக்கிவிட்டன.

ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் அளவு மீறிப் பெருகும். அவற்றைக் குறைக்கும் சாறு மருந்தாகலாம் அல்லவா? நோபிளும் சார்லஸ் பீர் என்ற விஞ்ஞானியும் அதில் இருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்து, 1958-ல் அறிவித்தார்கள். அதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின் மருந்துக்கு அமெரிக்காவில் 1963-ல் அனுமதி கிடைத்தது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் போன்ற இழைகள் உண்டாகும். அந்த இழைகளை உருவாகவிடாமல் மருந்து தடுக்கிறது. பிரிய முடியாத அணு செத்துவிடும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டினை வேறு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் பிழைக்கவே வழியில்லாத அந்த நோயில் இருந்து இன்று ஏராளமான குழந்தைகள் குணமாகிறார்கள்.

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இச்செடி பயிராகிறது. மருந்து எடுப்பதற்காக இலையும் வேரும் விலைக்குப் போகின்றன.

இலையைத் தின்னலாமா?

கூடாது! இலையில் உள்ள மருந்து மிக மிகக் கொஞ்சம். ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். மற்றபடி இலையில் நச்சுப் பொருள்களும் உண்டு. பிரித்தெடுத்த மருந்தைக்கூட டாக்டர்கள் அளந்து, ரத்தக்குழாயில் மட்டுமே செலுத்துகிறார்கள். அளவு மிஞ்சினால் நரம்பு கெடும், உயிருக்கே ஆபத்து.

கஷாயத்தை நம்பிக் காத்திருந்தால் நோய் முற்றிவிடும். ஆறாத புண், கரையாத கட்டி, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மும்பை பரேலில் 1941-ல் தொடங்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கிறது. வசதி இல்லாதவர்களுக்கு அங்கு சலுகை உண்டு. பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

பூவை சாமிக்கு வைக்கலாம். நோய்க்கு வேண்டியது ஆஸ்பத்திரி.