சிறுவர் விளையாட்டில் மூளை அதிர்ச்சி

மூளை அதிர்ச்சி என்பது தலையிலோ உடலிலோ ஏற்படும் மோதலின் விசையால் மூளையின் செயற்பாடு தற்காலிகமாகப் பாதிக்கப்படும் காயம் ஆகும். ரக்பி, அமெரிக்கக் காற்பந்து, பனி ஹாக்கி போன்ற உடல் மோதல் விளையாட்டுகளில் இது கூடுதலாக நிகழ்கின்றது. இவ்விளையாட்டுகளில் ஆர்வமுள்ள சிறுவரின் பெற்றோர், அவற்றால் கிடைக்கும் உடல்நலம், நட்பு, தன்னம்பிக்கை ஆகியவற்றுடன் காயத்தின் இடரையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியுள்ளது.

அறிகுறிகள்

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், குழப்பம், மறதி, வெளிச்சத்தால் கண் கூசுதல் ஆகியன முதன்மையான அறிகுறிகள் ஆகும். பெரும்பாலானோர் மயக்கம் அடைவதில்லை. வழமையான மூளைப் படங்களிலும் மாற்றம் தெரிவதில்லை. எனவே பல வேளைகளில் காயமுற்றவர் தாமே கூறினால்தான் அது வெளிப்படும். ஆட்டத்தை மிக விரும்பும் சிறுவர், வெளியேற்றப்படுவதற்கு அஞ்சி அறிகுறிகளை மறைப்பதுண்டு. தலைக்கவசம் மண்டையோட்டு முறிவைக் குறைக்கும். ஆயினும் உள்ளே மூளை அசைவதை முற்றாகத் தடுக்காது.

மீண்டும் அடிபடுதல்

முதற்காயம் ஆறுமுன் மீண்டும் அடிபட்டால், அரிதாக மூளை விரைந்து வீங்கி இறப்பு நேரலாம். 2006 இல் ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் 13 வயதான சாக்கரி லிசுடெட், தலையில் அடிபட்ட பின்னரும் அதே ஆட்டத்தில் தொடர்ந்து ஆடி, மூளையில் கடுங்காயம் அடைந்தார். அவர் பெயரால் 2009 இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, மூளை அதிர்ச்சி என ஐயுறப்படும் சிறுவரை உடனே ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும். மருத்துவ வல்லுநரின் எழுத்து மூல ஒப்புதலின்றி மீண்டும் சேர்க்கக்கூடாது. கனடாவில் 17 வயதான ரக்பி வீராங்கனை ரோவன் இசுட்ரிங்கர் 2013 இல் இறந்ததை அடுத்து, ஒன்ராறியோ மாகாணம் 2018 இல் ரோவன் சட்டத்தை நிறைவேற்றியது.

விதிகளின் பங்கு

11, 12 வயதுப் பனி ஹாக்கி ஆட்டக்காரரை ஒப்பிட்ட ஆய்வொன்று 2010 இல் வெளியானது. எதிரியை உடலால் மோதித் தடுக்க அனுமதித்த அல்பேர்ட்டாவில், அதனைத் தடை செய்திருந்த கியூபெக்கை விட மூளை அதிர்ச்சி மூன்று மடங்குக்கு மேல் நிகழ்ந்தது தெரியவந்தது. கனடிய ஹாக்கி அமைப்பு 2013 இல் அவ்வயதினருக்கு இத்தகைய மோதலை நாடு முழுவதும் தடை செய்தது. அதாவது, ஆட்டத்தை விடாமலே இடரைப் பெரிதும் குறைக்க முடியும். எதிரியை வீழ்த்தாமல் தொட்டு நிறுத்தும் தொடு ரக்பி இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு.

மீளத் திரும்புதல்

காயத்தின் பின் 24 முதல் 48 மணிநேரம் ஓய்வும், பின்னர் மெதுவான நடை போன்ற இலகுவான செயல்களும் பரிந்துரைக்கப்படுகின்றன. சிறுவர் முதலில் பள்ளிக் கல்விக்கும் அதன் பின்னரே முழு விளையாட்டுக்கும் திரும்ப வேண்டும். மோதலுடன் கூடிய பயிற்சிக்கு மருத்துவரின் ஒப்புதல் தேவை.

பெற்றோர் கருத வேண்டியவை

பல ஆண்டுகள் தொடரும் தலை மோதல்கள், பிற்காலத்தில் தோன்றும் மூளைச் சிதைவு நோயுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன. எனவே சிறுவரின் முந்தைய காயங்கள், அவர் மோதல் ஆட்டத்தைத் தொடங்கும் வயது, கழகத்தின் விதிகள் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். தலைவலி என்று சொல்லும் சிறுவரைப் பயிற்றுநர் தயங்காமல் வெளியே அமர்த்துவாரா என்பதும் அறியப்பட வேண்டியதாகும்.