பசுமை மதிப்பெண் அதிகம்னா லாபமும் அதிகமா? ஃபோக்ஸ்வேகன் கதை சொல்வது என்ன?

மாசம் பிறந்தா எஸ்ஐபி பணம் அக்கவுன்ட்ல இருந்து போயிடும். அது ‘இஎஸ்ஜி’ ஃபண்டா இருந்தா, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாக நேர்மை மூன்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய கம்பெனிகளில் முதலீடு செய்வதாகச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனா, அந்த மதிப்பெண்ணை அப்படியே நம்பலாமா?

2015-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மை குறியீட்டில், கார் நிறுவனங்களில் ஃபோக்ஸ்வேகனுக்கு முதலிடம். சில நாள்தான். செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குண்டைத் தூக்கிப் போட்டது. அந்நிறுவனத்தின் டீசல் கார்களில் ஒரு மென்பொருள் ஒளிந்திருந்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும். சாலைக்கு வந்துவிட்டால், அனுமதித்ததைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியேறும். உலகம் முழுக்க இந்த மென்பொருள் இருந்த கார்கள் சுமார் 1.1 கோடி.

அடுத்த வாரம் சந்தை திறந்த இரண்டே நாளில், பங்கு மதிப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காலி. தலைமைச் செயல் அதிகாரி மார்ட்டின் வின்டர்கார்ன் ராஜினாமா செய்தார். அபராதம், இழப்பீடு என மொத்தச் செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது.

அப்போ நிலைத்தன்மை எல்லாம் வீணா?

இல்லை. கான், செராஃபிம், யூன் ஆகியோரின் ஆய்வு 2016-ல் வெளியானது. தன் தொழிலை நேரடியாகப் பாதிக்கும் விஷயங்களில் அக்கறை காட்டிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குகள், அதில் கோட்டைவிட்டவற்றைவிட நல்ல வருமானம் தந்தன. சம்பந்தமில்லாத விஷயங்களில் வாங்கிய நல்ல பெயரால் பெரிய பலன் இல்லை.

சாயப்பட்டறைக்குத் தண்ணீர் முக்கியம். கார் கம்பெனிக்குப் புகை. ஃபோக்ஸ்வேகன் சறுக்கியது சரியாக அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே லாபம் பார்க்கும் கம்பெனிகளுக்குத்தான் இதற்கெல்லாம் செலவழிக்க முடிகிறது. அதனால எது காரணம், எது விளைவுன்னு பிரிப்பது சுலபமில்லை.

நாம என்ன பார்க்கணும்?

செபி விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் ‘பிஆர்எஸ்ஆர்’ அறிக்கை தருவது கட்டாயம். ஆண்டறிக்கையிலேயே இருக்கும். தண்ணீர், மின்சாரம், கழிவு, ஊழியர் புகார், விபத்து எல்லாமே முந்தைய ஆண்டு எண்களோடு வரும்.

மரம் நட்ட போட்டோவைத் தாண்டிப் போங்க. அந்தக் கம்பெனியின் தொழிலுக்கு எது உயிரோ, அந்த எண் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கான்னு பாருங்க.